ரெட்டைக்குட்டிக்கு எது வழி: ஜீன் கிடாவா, வெள்ளாடா, தீனியா?

பக்ரீத் வியாபாரம் முடிந்த வாரத்தில் சித்தப்பா போன் செய்தார். "பாப்பா, செல்லுல ஒரு வீடியோ பாத்தேன். மகாராஷ்டிராவுல ஒரு ஜாதிக் கிடா கீதாம். அத்த வாங்கி வுட்டா ஆடெல்லாம் ரெட்டை ரெட்டையா போடுதாம். நெசமா, டுபாக்கூரா?"

நெசம்தான். ஆனால் அவர் பட்டிக்கு அது சரிப்படுமா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த ஞாயிறும் அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னையைச் சுற்றி இதே கேள்வியோடு ஆடு வளர்ப்பவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.

பட்டி இருப்பது சடையங்குப்பம் பக்கம். மணலியின் ஆலைப் புகைபோக்கிகள் ஒரு பக்கம், கொசஸ்தலை ஆறு மறுபக்கம். பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் முதலில் தண்ணீர் ஏறும் ஊர்களில் ஒன்று. சீமைக்கருவேலமும் கோரையும் நிறைந்த காலிமனைகள்தான் மேய்ச்சல். 32 பெட்டை, ஒரு கிடா, எல்லாமே மெட்ராஸ் ரெட். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்ச் செம்மறி. கம்பளி கிடையாது, கறிக்குத்தான். வெயிலைத் தாங்கும், கிடைத்ததைத் தின்னும், பெரும்பாலும் ஒரு ஈத்துக்கு ஒரே குட்டிதான் போடும்.

வீடியோவில் வந்தது மகாராஷ்டிரத்தின் பல்டன் ஊரில் உருவான நாரி சுவர்ணா. நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சந்தா நிம்ப்கர் குழுவினர் 1990களில் தொடங்கிய வேலை. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்று ஒரு குள்ளச் செம்மறி உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று மேயும். நம் ஆட்டில் பாதி எடைதான் தேறும், ஆனால் சர்வசாதாரணமாக இரண்டு, மூன்று குட்டி போடும். அதன் ரத்தத்திலிருந்து அந்த ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுத்து மகாராஷ்டிரத்துத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ராஜஸ்தானில் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனமும் இதே கரோலை மால்புரா, பட்டன்வாடி ஆடுகளோடு சேர்த்து அவிஷான் என்ற ஆட்டை உருவாக்கியிருக்கிறது. அதில் கரோல் ரத்தம் எட்டில் ஒரு பங்குதான்.

குட்டியைக் கூட்டும் இந்த ஜீனுக்கு, அதாவது மரபணுவுக்கு, ஒரு ஊர்சுற்றிக் கதை உண்டு. 1792, 1793ல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சிட்னிக்கு வங்காளத்து ஆடுகள் போயின. நூற்றைம்பது வருஷம் கழித்து அங்கே பூரூலா என்ற பண்ணையில் இருந்த மெரினோ கம்பளி ஆடுகள் மூன்று, நான்கு, ஐந்து என்று குட்டி போட்டுக்கொண்டிருந்தன. 1982ல் இது ஒரே ஒரு பெரிய ஜீனின் வேலை என்று சொன்னார்கள். 2001ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அந்த ஜீனைப் பிடித்தன. அடுத்த வருஷமே கரோலிலும் அச்சு அசலாக அதே மாற்றம் இருப்பது தெரிந்தது. நம் நாட்டிலிருந்து போன சரக்கு ஆஸ்திரேலியப் பெயரோடு திரும்பி வந்தது. இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்தார். "நம்ம ஆட்ட நமக்கே விக்கிறானுங்களா?"

ஜீனின் பெயர் பி.எம்.பி.ஆர்.1பி. அதில் வரும் திரிபுக்கு ஃபெக்-பி என்று பெயர். ஆறாவது குரோமோசோமில், ஜீனின் 746ஆம் எழுத்து 'ஏ'வாக இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி' வந்திருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தால் புரதத்தின் 249ஆம் இடத்தில் குளூட்டமினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்கார்கிறது. பெட்டை பருவத்துக்கு வரும் ஒவ்வொரு 17 நாள் சுற்றிலும் சூல்பையில் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கும். வழக்கமாக ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை வாடிவிடும். திரிபு இருக்கும் ஆட்டில் முட்டைப்பைகள் சின்ன அளவிலேயே முற்றிவிடுகின்றன. ஒன்று முந்துவதற்குள் இன்னும் இரண்டு தயார். அதனால் ஒரே சமயத்தில் கூடுதல் முட்டை வெளிப்படுகிறது.

எத்தனை பிரதி என்பதுதான் இதில் முக்கியம். எந்த ஜீனும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். பூரூலா மெரினோவில் ஃபெக்-பி ஒரு பிரதி இருந்தால் ஈத்துக்கு ஏறக்குறைய ஒரு குட்டி கூடும், இரண்டு பிரதி இருந்தால் ஒன்றரை. பல்டனில், நம் ஊர் போன்ற மேய்ச்சலில், ஒரு பிரதிக்கே உயிரோடு பிறக்கும் குட்டி ஏறக்குறைய அரை கூடுகிறது. இரண்டாவது பிரதியால் பெரிய லாபம் இல்லை. அரைக் குட்டி என்றால் இரண்டு ஈத்துக்கு ஒரு குட்டி கூடுதல். கம்மி போலத் தெரியும். ஆனால் ஆடு வளர்த்துப் பார்த்தவருக்கு அதுதான் தாங்கும். மூன்று குட்டியை நம் செம்மறி பால் கொடுத்துத் தேற்றாது.

எல்லாரும் தவறவிடுகிற இடம் அடுத்தது. சித்தப்பாவும் தவறவிட்டார். கிடாவை விட்ட முதல் ஈத்திலேயே ரெட்டை வந்துவிடும் என்று நினைத்திருந்தார். வராது. எத்தனை முட்டை என்பதைத் தீர்மானிப்பது தாயின் சூல்பை. கிடாவின் ஜீன் அதற்குப் பிறக்கும் மகளிடம்தான் வேலை செய்யும். கிடாவை விட்டு ஐந்து மாதம் கழித்துக் குட்டி. அதில் மறிக்குட்டி (பெண் குட்டி) வளர்ந்து சினைப்பட ஒரு வருஷத்துக்கு மேல். பிறகு மறுபடி ஐந்து மாதம். ஆக, போட்ட பணம் குட்டியாகத் திரும்பத் தொடங்கவே இரண்டு வருஷம்.

அப்புறம், எந்தக் கிடா? இரண்டு பிரதி உள்ள கிடாவானால் பிறக்கும் மறிக்குட்டி எல்லாமே ஒரு பிரதியோடு பிறக்கும், சோதிக்கவே வேண்டாம். ஒரு பிரதி உள்ள கிடா விலை குறைவாகக் கிடைத்தாலும், மறிக்குட்டிகளில் பாதிக்குத்தான் ஜீன் போகும். எந்தப் பாதி என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைக் கல்லூரியில் செய்திருக்கிறேன். கழுத்து நரம்பிலிருந்து ஊதா மூடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். டி.என்.ஏவைப் பிரித்து, தேவையான துண்டை மட்டும் பி.சி.ஆரில் பெருக்கினால் 190 எழுத்து இணை நீளம் வரும். அதோடு அவா-2 என்ற நொதியைச் சேர்க்க வேண்டும். 'ஜி' இருந்தால் அந்த நொதி 160, 30 என்று வெட்டும், இல்லையென்றால் விட்டுவிடும். துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் 190ல் மட்டும் கோடு விழுந்தால் ஜீன் இல்லை, 160ல் மட்டும் விழுந்தால் இரண்டு பிரதி, இரண்டிலும் விழுந்தால் ஒன்று. பார்க்க அழகான சோதனை. ஆனால் சடையங்குப்பத்திலிருந்து வருஷா வருஷம் ஐஸ் பெட்டியில் ரத்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு அலைவது சித்தப்பாவால் ஆகிற வேலை இல்லை. விலை கூடினாலும், எழுத்தில் சான்று தரும் இடத்திலிருந்து இரண்டு பிரதிக் கிடாதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

வாய்வார்த்தையை நம்பி வாங்கிய கதை ஏற்கெனவே எங்கள் வீட்டில் உண்டு. மூன்று வருஷம் முன்னால் ஒரு சந்தையில், "இதுவே ரெட்டைல பொறந்த கிடாண்ணே" என்று சொல்லி ஒரு வியாபாரி கூடுதல் விலைக்குத் தலையில் கட்டினார். அதன் மகள்கள் ஒன்பது ஈன்றன. ஒன்பதும் ஒத்தக்குட்டி. வியாபாரி பொய்தான் சொன்னார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெரிய ஜீன் இல்லாத மந்தையில் ஈத்தின் குட்டி எண்ணிக்கை பரம்பரையாகக் கடத்தப்படும் அளவு பத்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் தீனி, வயது, பருவம், அதிர்ஷ்டம். ரெட்டையில் பிறந்தவற்றையே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு போனால் முன்னேற்றம் வரும், ஆனால் ஆயிரம் ஆடு வைத்து, இருபது வருஷம் கணக்கு எழுதும் பண்ணைக்கு. 32 ஆட்டுக்கு அது பேராசை.

உலகத்தில் குட்டியைக் கூட்டும் ஜீன் ஃபெக்-பி ஒன்றுதானா என்றால், இல்லை. நியூசிலாந்தில் ஒரு ரோம்னி இனப் பெட்டை 11 ஈத்தில் 33 குட்டி போட்டது. அதன் வழிவந்த ஆடுகளை ஆராய்ந்ததில்தான் இன்வர்டேல் என்ற திரிபு தெரியவந்தது. அது பி.எம்.பி.15 என்ற ஜீனில், எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு பிரதி இருந்தால் குட்டி கூடும். இரண்டு பிரதி இருந்தால் சூல்பை வளரவே வளராது, அந்தப் பெட்டை மலடு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், அயர்லாந்தின் பெல்கிளேர் ஆடுகளில் ஜி.டி.எஃப்.9 என்ற ஜீனின் திரிபு இருக்கிறது. அங்கும் அதே கதை: ஒன்று வரம், இரண்டு சாபம். நார்வேயின் வெள்ளை ஆட்டில் இருக்கும் ஜி.டி.எஃப்.9 திரிபு விலக்கு, இரண்டு பிரதி இருந்தாலும் மலடாவதில்லை.

மலடாக்கும் வகையை எந்தச் சின்னப் பட்டிக்கும் நான் சொல்ல மாட்டேன், இலவசமாகக் கிடைத்தாலும். எங்கள் பக்கம் கிடா வெளியிலிருந்து வருவது அபூர்வம். பட்டியில் பிறந்த நல்ல கிடாக்குட்டியையே பொலிகிடாவாக விடுவார்கள். திரிபு உள்ள தாய்க்குப் பிறந்த கிடாக்குட்டியில் பாதிக்கு அது போகும். அப்படி ஒன்று, திரிபு உள்ள பெட்டையோடு சேர்ந்தால் மறிக்குட்டிகளில் இன்வர்டேலானால் பாதி, ஜி.டி.எஃப்.9 ஆனால் கால்வாசி மலடு. மலடு என்று தெரியவே ஒன்றரை வருஷம் தீனி போட்டிருப்பீர்கள். ஃபெக்-பியில் இப்படி அசட்டையாக இருந்தால் நேரும் மோசம் மூன்று குட்டி ஈத்து அதிகமாவது. நஷ்டம்தான், ஆனால் மீளலாம்.

ஹார்மோன் ஊசி, மருந்துப் பஞ்சு வைத்துப் பருவத்துக்குக் கொண்டுவரும் முறையும் இருக்கிறது. ஒரு ஆட்டுக்கு ஒரு குட்டி, இன்னொன்றுக்கு நான்கு என்று தாறுமாறாகப் போகும். ஒவ்வொரு தடவையும் செலவு. கேட்டதுமே சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

வெள்ளாடு என்ற யோசனை சித்தியுடையது. "ரெட்டைதான வேணும்? நாலு வெள்ளாடு வாங்கிட்டுப் போறதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு?" நியாயமான கேள்வி. வெள்ளாட்டுக்கு ரெட்டை இயல்பு, ஜீன் தேட வேண்டாம். தழை தின்னும், சீமைக்கருவேலக் காயைக் கறுக்மொறுக்கென்று மெல்லும். புளியந்தோப்பு ஆடுதொட்டிக்கு, அதாவது இறைச்சிக்கூடத்துக்கு, போகும் வியாபாரிகளும் வெள்ளாட்டுக்கு முகம் சுளிப்பதில்லை. ஆனால் செம்மறி மந்தையாகத் தலை குனிந்து போகும், ஒரு ஆள் முப்பதை ஓட்டலாம். வெள்ளாடு பத்துத் திசைக்குப் போகும், பக்கத்துக் காம்பவுண்டில் ஏறி முருங்கையை மொட்டையடிக்கும். சித்தப்பாவுக்கு வயது 61. போன வருஷம் முட்டியில் ஊசி போட்டவர். மழை தூறினாலே ஒதுங்கி நின்று கத்தும் பிராணியை இந்தத் தண்ணி ஊரில் வைத்துக்கொண்டு அவர் ஓட மாட்டார். வயசுப் பையன் ஒருவன் வீட்டில் இருந்திருந்தால் நானே சித்தி பக்கம் பேசியிருப்பேன்.

மூன்றாவது ஞாயிறுதான் நான் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். போன வருஷக் கணக்கு என்ன? சித்தப்பா எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒன்று விடாமல் நினைவு இருக்கிறது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். 32 பெட்டையில் ஈன்றது 27. அதில் இரண்டு ரெட்டை. ஆக 29 குட்டி. விற்றதும் பட்டியில் நிறுத்தியதும் சேர்த்து 21. செத்தது எட்டு. எட்டில் ஐந்து, ஐப்பசி கார்த்திகை மழையில்.

அந்த இரண்டு ரெட்டையில் ஒன்றுக்கு நானும் இருந்தேன். நவம்பர் கடைசி, ராத்திரி பதினொன்று இருக்கும். தார்ப்பாய்க்குக் கீழே தரையெல்லாம் நசநசவென்று ஈரம். முதல் குட்டி எழுந்து நின்று மடியை முட்டத் தொடங்கிவிட்டது. இரண்டாவது இருபது நிமிஷம் கழித்து விழுந்தது. தாய் முதல் குட்டியையே நக்கிக்கொண்டிருந்தது, இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோணியால் துடைத்து, மீன் எடை போடும் தொங்கு தராசில் பையோடு மாட்டிப் பார்த்தோம். முதலாவது 2.4 கிலோ, இரண்டாவது 1.6. சீம்பால் கறந்தால் டீ கிளாஸில் கால்வாசிகூட வரவில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டோம். வாய்க்குள் விரலை வைத்தால் சில்லென்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் செத்துவிட்டது. பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் போகாத குட்டிக்கு நோய் எதிர்ப்பும் இல்லை, உடம்புச் சூடும் இல்லை.

ரெட்டை என்றால் இதுதான். குட்டியின் எடையில் பெரும்பங்கு கூடுவது சினையின் கடைசி ஆறு வாரத்தில். ரெட்டை சுமக்கும் தாய்க்கு அப்போது தேவை அதிகம், ஆனால் வயிற்றுக்குள் தீனிக்கு இடம் குறைவு. காலிமனைக் கோரையை மட்டும் மேய்ந்தால் போதாது. உடம்புக் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கும், அது மிஞ்சினால் தாயே படுத்துவிடும். இதற்கு அடர்தீவனம் வேண்டும், உலர்ந்த தரை வேண்டும், ஈனும் நேரத்தில் ஆள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பட்டிக்கு ஃபெக்-பியைக் கொண்டுவந்தால் 1.6 கிலோ குட்டிகள்தான் பெருகும்.

நோட்டைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு பிரதிக் கிடா ஒன்றை வாங்கி 10 பெட்டைக்கு விட்டால், அடுத்த ஈத்தில் ஐந்து மறிக்குட்டி என்று வையுங்கள். நான்கு தேறி இரண்டு வருஷம் கழித்து ஈன்றால், ஈத்துக்கு அரைக் குட்டி வீதம் கூடுதலாக இரண்டு குட்டி. இந்தப் பக்கம் இப்போதே செத்துப்போகும் குட்டி எட்டு, சினைப்படாத பெட்டை ஐந்து.

அந்த ஐந்துக்கும் எட்டுக்கும் வழி இருக்கிறது, கிடாவை விடச் செலவும் குறைவு. கிடா வருஷம் முழுக்கப் பட்டியிலேயே திரிகிறது. ஆனி, ஆடியில் சேர்ந்தால் கார்த்திகை, மார்கழியில் குட்டி விழும், அதாவது நட்ட நடு மழையில். கிடாவைத் தனியே கட்டி வைத்து, அல்லது வயிற்றுக்குக் கீழே சாக்குத்துணி கட்டி, ஆவணிக் கடைசியில் அவிழ்த்துவிட்டால் தை பிறந்த பிறகு குட்டி. தரை காய்ந்திருக்கும், மழைக்கு முளைத்த புல் இருக்கும். சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்து பெட்டைக்குத் தலைக்கு 200, 250 கிராம் தவிடும் பிண்ணாக்கும் கொடுத்தால், குறிப்பாக மெலிந்த ஆடுகள் நன்றாகச் சினை பிடிக்கும். ஒன்றிரண்டு ரெட்டைகூடக் கூடலாம். சினையின் கடைசி ஆறு வாரம் அதே தீனி மறுபடி. துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசியைச் சினை ஆட்டுக்குப் போட்டுவிட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு. தரைக்கு ஆறு அங்குலம் உயரமாக மூங்கில் தட்டி.

"அப்போ அந்தக் கிடா வேணாம்ன்றியா?" சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. வீடியோவில் வந்த மந்தையை அவர் மறக்கவில்லை.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வருஷம் வேண்டாம் என்கிறேன். தட்டியும் தீனியும் இரண்டு ஈத்து ஓடட்டும். செத்த கணக்கு எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கினால், அதற்கப்புறம் கிடா. அதுவும் பட்டி முழுக்க விட வேண்டாம், பால் நன்றாகச் சுரக்கும் பத்துத் தாய்க்கு மட்டும். மகள்களின் காதில் மஞ்சள் வில்லை. அந்த மகள்களுக்கு ஜீன் இல்லாத நம் ஊர்க் கிடாதான். மஞ்சள் வில்லைத் தாய்க்குப் பிறக்கும் கிடாக்குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கறிக்குத்தான் போக வேண்டும், பொலிக்கு நிற்கக் கூடாது. பேரக்குட்டிகளுக்குச் சோதனை அவசியம், அப்போது ரத்தம் எடுக்க நான் வருகிறேன். குட்டியை உடனே கூட்டிக் காட்ட வேண்டிய அவசரம் இருப்பவருக்கு, வீட்டில் இரண்டு ஆள் உழைப்பும் சொந்தமாகப் பசுந்தீவனமும் இருந்தால், என் விடை வேறாக இருந்திருக்கும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போர்வெல் தண்ணீரும் அரை ஏக்கர் புல்லும் இருப்பவர் இந்த வருஷமே கிடா வாங்கலாம்.

மூங்கிலுக்கு ஆள் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, மேய்ச்சல் முடிந்து ஆடுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. "பத்து ஆடு எதெதுன்னு எழுதிக்கலாமா சித்தப்பா?" என்று நோட்டைத் திறந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, நுழைகிற ஒவ்வொன்றின் மடியையும் கையால் ஏந்திப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதை மட்டும் நிறுத்தி, "இத எழுது" என்றார்.